பாயசத்துக்கு முன் மடித்த இலை

கோடனூர் ராஜா வெங்கடாத்திரிக்கு ஓர் ஆசை வந்தால், அரண்மனையில் யாராவது ஒருவருக்குத் தூக்கம் போய்விடும். இந்த முறை வந்தது அகராதி ஆசை. வேலை சுமுகமாகப் போய், 'வன்மம்' என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நின்றது. கோபம் என்று எழுதினார்கள். போதாது என்றார் ராஜா. பகை என்றார்கள், அதுவும் போதவில்லை.

அரசவைப் புலவர் வைத்தியலிங்கம் தொண்டையைக் கனைத்தார். தினமும் வேடிக்கை பேசிச் சபையில் பேர் வாங்கும் தாண்டவன், வன்மத்தைக் கண்ணுக்கே காட்டட்டுமே என்றார். ராஜாவுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. மதிய விருந்து முடிவதற்குள் காட்ட வேண்டும். தவறினால் தாண்டவன் சபைப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று.

தாண்டவன் தலையைச் சொறிந்தபடி பந்திக்குப் போனான். புலவருக்குப் பக்கத்து இலையாகப் பார்த்து உட்கார்ந்தான்.

கோடனூர் அரண்மனைப் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. ஜோடி ஜோடியாகத்தான் உட்காருவார்கள். ஒருவர் இலையை மடித்தால், ஜோடிக்காரரும் மடித்துவிட வேண்டும். ஒருவரைக் காக்கவைத்துவிட்டு இன்னொருவர் சாப்பிடுவது மரியாதை இல்லையாம்.

புலவருக்குப் பாயசம் என்றால் உயிர். ரசம் ஊற்றும்போதே அவர் கண் சமையற்கட்டு வாசலுக்குப் போய்விட்டது.

"புலவரே, ஓர் உபகாரம்," என்றான் தாண்டவன் பரிதாபமாக. "காலையிலிருந்து பாயசத்துக்காகவே வயிற்றைக் காயப்போட்டிருக்கிறேன். நாளை முதல் எனக்கு இந்தப் பந்தி ஏது? அது வரும்வரை இலையை மட்டும் மடித்துவிடாதீர்கள்."

புலவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பாயச உருளி வாசலைத் தாண்டியது. ஏலக்காய் மணந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு இலையை மடித்தார்.

"வயிறு சரியில்லை ஓய்."

தாண்டவனும் தன் இலையை மடித்துவிட்டு எழுந்து, எதிர்ப் பந்தியில் இருந்து கவனித்துக்கொண்டிருந்த ராஜாவைக் கும்பிட்டான். "எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் மகாராஜா. அடுத்தவன் வாயில் விழக்கூடாது என்பதற்காக, தன் வாய்க்கு வந்ததையும் வேண்டுமென்றே தட்டிவிடுவது வன்மம்."

பந்தியே சிரித்தது. ராஜா விடவில்லை. "அவர் பாயசத்தைத் திட்டமிட்டுக் கெடுத்தவன் நீ. உன்னுடையதும் வன்மம்தானே?"

"இல்லை மகாராஜா. வன்மம் என்றால் நமக்கும் நட்டம் வேண்டும். எனக்குப் பாயசமே பிடிக்காது. நான் செய்தது வெறும் குறும்பு."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துத் தாண்டவனுக்குப் போர்த்தினார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

"தாண்டவனுக்குப் புது இலை போட்டு, உருளியோடு பாயசத்தைக் கவிழ்த்துவிடு. குறும்பு எனக்கும் வருகிறதா, பார்ப்போம்."