தெரியுமா, தெரியாதா?

பீடிக் கம்பெனியை மூடியதும் பிழைக்க வழி தேடிய ஆவுடையம்மாள், அரசாங்கம் பெரியவர்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் கற்றுத்தருகிறது என்று கேள்விப்பட்டுப் பயிற்சி மையத்துக்குப் போனாள்.

"ஆன்லைன்ல விண்ணப்பிச்சுட்டு வாம்மா" என்று விரட்டினார் அதிகாரி தணிகைவேல்.

பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொண்டு விண்ணப்பித்துவிட்டு மறுநாள் வந்து நின்றாள்.

"ஆன்லைன்ல விண்ணப்பிக்கத் தெரிஞ்சவங்களுக்கு இங்க இடமில்ல. இது ஒண்ணும் தெரியாதவங்களுக்கு" என்றார் மீசையைத் தடவியபடி.

"அப்போ எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னு சொல்லுதீகளா, ஐயா?"

"ஆமா!"

"அப்படின்னா படிச்சு முடிச்சேன்னு சான்றிதழ் குடுங்க, போயிருதேன். தெரியாதுன்னா சேத்துக்கிடுங்க."

அதிகாரி வாயைத் திறக்குமுன், அவளைப் போலவே ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு வரிசையில் நின்றவர்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், எங்களுக்கும் சான்றிதழே போதும்!"

அன்று மாலையே வகுப்பு தொடங்கியது. முதல் நாற்காலியில் ஆவுடையம்மாள்.