நிறுத்தி நிறுத்திப் பாடியவர்

கரட்டூரில் கல் உடைக்கும் கிரஷரில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கமுத்துவுக்கு மீசைகூட முளைக்கவில்லை. செத்தபோது தாடி முழுக்க நரைத்திருந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் பகலில் கல்லைச் சுமந்து மெஷினில் கொட்டினார். சாயங்காலம் மலையடிவாரத்து மடத்தில் பாடினார்.

யாரிடமும் முறையாகக் கற்றுக்கொண்டதில்லை. கோயில் கச்சேரிகளில் செருப்பு விடும் இடத்தில் நின்று கேட்டதும், டீக்கடை ரேடியோவில் கேட்டதும்தான். கேட்டதை மெஷின் பக்கத்தில் நின்று பாடிப் பார்ப்பார். அந்த இரைச்சலில் அவர் பாட்டு அவருக்கே கேட்காது. உதடு அசைவதைப் பார்த்து, ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று கூட வேலை செய்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கல்யாணம் ஆனது. மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. காரியம் முடிந்த அன்று சாயங்காலமும் மடத்துக்கு வந்து பாடினார். ஊரில் அதைத் தப்பாகப் பேசினார்கள்.

"அந்த மனுசனுக்கு அழத் தெரியலை. விடுங்க" என்றார் குழந்தைவேல்.

குழந்தைவேல் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டுக்குத் தாளம் போடுபவர். மடத்தை நடத்திவந்த அம்மாவின் சீடர். அம்மா அவரைவிட வயதில் சிறியவர்தான். ஆனாலும் அம்மா முன்னால் துண்டைத் தோளில் போட்டு நிற்க மாட்டார்.

நாற்பது வயதுக்குமேல் அங்கமுத்துவுக்கு இருமல் வந்தது. பிறகு மூச்சு குறைந்தது. ஒரே மூச்சில் இழுத்துப் பாடிய இடங்களை இரண்டாக வெட்டினார். அப்புறம் மூன்றாக வெட்டினார். கேட்டவர்கள், "என்னமா நிறுத்திப் பாடறாரு" என்று தலையாட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்ட குழந்தைவேலுக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். அங்கமுத்துவின் விலா எலும்பு ஏறி இறங்குவது அவருக்குத் தெரியும்.

நுரையீரல் முழுக்கக் கல்தூசி என்றார் டாக்டர். கடைசி மாதங்களில் அங்கமுத்துவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினார். உட்கார்ந்தபடியே போனார்.

முப்பதாம் நாள் மடத்தில் நினைவுக் கூட்டம் என்று முடிவானது. குழந்தைவேல் பேச வேண்டும். கிரஷர் முதலாளி ராசப்பன் முன்கூட்டியே வந்தார். மடத்தில் தினமும் ஊற்றும் கஞ்சிக்கு அரிசி கொடுப்பவர் அவர்தான்.

"கண்டக்டரே, பெரிய படமா மாட்டிரலாம். நீங்க அவரு பாட்டைப் பத்திப் பேசுங்க. நோவு நொடியெல்லாம் எதுக்கு?"

"சரிங்க" என்றார் குழந்தைவேல்.

ராசப்பன் போனதும் குழந்தைவேல் அம்மாவிடம் வந்தார்.

"செத்தவரைப் பத்தி நல்லதை மட்டும் பேசினாப் போதுமில்லீங்களா அம்மா?"

"என்ன பேசப் போறீங்க? சொல்லுங்க, கேக்கறேன்."

"அங்கமுத்துவுக்கு ஆண்டவன் கொடுத்த குரல். கல்லையும் கரைய வைப்பாரு. நிறுத்தி நிறுத்திப் பாடற அழகு அவரோட போச்சு…"

அம்மா எழுந்தார். குழந்தைவேலின் கையிலிருந்த துண்டை வாங்கித் தண்ணீரில் நனைத்தார். நாலாக மடித்து, அவர் மூக்கையும் வாயையும் மூடிப் பின்னால் முடிச்சுப் போட்டார்.

"அவர் பாட்டு ஒண்ணைப் பாடுங்க."

குழந்தைவேல் பாடினார். முதல் அடி எப்படியோ வந்தது. இரண்டாவது அடியில் பாதியில் நின்றார். மூச்சை இழுத்தார், ஈரத்துணிதான் உள்ளே வந்தது. மறுபடியும் தொடங்கினார். கண் பிதுங்கியது. துண்டைப் பிய்த்து எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"முடியலீங்கம்மா."

"இப்ப நீங்க நிறுத்தினீங்களே, அது அழகா?"

குழந்தைவேல் எறிந்த துண்டை எடுத்துப் பிழிந்தார்.

கூட்டத்தன்று மடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ராசப்பன். பின்னால், வேலை விட்டு நேராக வந்த கிரஷர் ஆட்கள், தலைமுடியெல்லாம் கல்தூசியில் வெள்ளையாக.

குழந்தைவேல் மைக் முன்னால் நின்றார்.

"அங்கமுத்து நிறுத்தி நிறுத்திப் பாடறதை எல்லாரும் ரசிச்சீங்க. அது பாட்டுல போடற சங்கதி இல்லை. மூச்சு இல்லாம நிறுத்தினாரு. தூசி தின்ன நெஞ்சு அது. எந்த இடத்துல நின்னா பாட்டு சாகாதுன்னு தேடித் தேடி நின்னாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பின்வரிசையில் ஒருவர் இருமினார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. இன்னொருவருக்கும் இருமல் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராசப்பன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

மறுநாள் காலை மெஷின் வழக்கம்போல் ஓடியது. இருமிய இருவரும் வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள். மாதம் பிறந்தது, மடத்துக்கு அரிசி வரவில்லை. கஞ்சி நீர்த்தது. வரிசையில் நின்ற கிழவர்கள் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

குழந்தைவேலுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அடுப்படியில் இருந்த அம்மாவிடம் போனார்.

"போனவர் திரும்பி வரலை. தூசியும் நிக்கலை. இருக்கறவங்க வயிறுதான் காயுது. நான் தூசியைப் பத்தி வாயைத் திறக்காம அவர் குரலைப் பத்தி மட்டும் பேசியிருந்தா என்னங்கம்மா ஆகியிருக்கும்?"

அம்மா அகப்பையால் கஞ்சியைக் கலக்கினார். அடியில் கொஞ்சம் பருக்கைகள் சுழன்றன.

"அரிசி வந்திருக்கும்" என்றார்.

குழந்தைவேலுக்கும் ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தபடி சொன்னார்:

"ஆனா அன்னிக்கு நீங்க வேற யாரையோ பத்திப் பேசியிருப்பீங்க."