காதில்லாத பள்ளத்துக்கு ஒரு பெயர்

தவநாயகி அம்மாவின் மடத்தில் அடுக்களை வடிவின் பொறுப்பு. குருவைவிடச் சிஷ்யைக்குப் பத்து வயது கூடுதல். வடிவு குருவை அம்மா என்பாள். வயதில் மூத்தவள் என்பதால் குரு அவளை அக்கா என்பார். கேட்டவர்கள் சிரித்தால் இவர்களும் சேர்ந்து சிரித்துக்கொள்வார்கள்.

அன்று காலை பழைய செய்தித்தாளை விரித்து, இருவரும் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நரம்பு உருவிப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. வடிவு எழுத்துக்கூட்டி வாசித்தாள். வெள்ளிக் கிரகத்தில் வானத்துக் கல் விழுந்த பள்ளங்கள் நிறைய உண்டாம். பெரிய பள்ளங்களுக்குப் பேர்போன பெண்களின் பெயராம். சின்னதுகளுக்கு ஊர் உலகத்தில் வழங்குகிற சாதாரணப் பெண் பெயராம். இன்னாருடையது என்று கிடையாதாம்.

வடிவுக்குச் சிரிப்பு தாளவில்லை. நம் பக்கம் பதினாறாம் நாள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, காதில் மூன்று தடவை பெயர் சொல்வோம், பள்ளத்துக்குக் காதை எங்கே போய்த் தேடுவார்கள் என்று கேலி பேசினாள். அப்புறம் கேட்டாள்.

"ஆளே இல்லாத இடத்துக்குப் பேரு என்னத்துக்கும்மா? யாரு கூப்பிடப் போறா?"

அம்மா இன்னொரு மடலை உரித்து வைத்தார்.

"அக்கா, உங்க பிள்ளை எத்தனை நாள் இருந்தா?"

வடிவின் கை நின்றது. முப்பது வருடத்துக்கு முந்திய கதை. மடத்துக்கு வந்த அன்று ஒரே ஒரு தடவை சொன்னது.

"ஒம்பது நாளு."

பெயர் வைக்காத பிள்ளை சீக்கிரம் மறந்துபோகும் என்று மாமியார் அப்போது தேற்றினார். வடிவும் அதை நம்பி, மறக்கத்தான் பார்த்தாள். இன்றைக்கும் தொட்டில் கட்டுகிற வீட்டுக்கு அவள் போவதில்லை. மடத்துப் பிரசாதத்தை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடுவாள்.

"மனசுல ஒண்ணு நெனச்சு வச்சிருப்பீங்களே."

"வச்சிருந்தேன். வாய்விட்டுச் சொன்னதில்லம்மா. கேக்க அவ இல்லையே."

அம்மா கறைபட்ட விரல்களைத் துடைத்துக்கொண்டார். நகர்ந்து வந்து வடிவின் தோள்பக்கம் தலையைச் சாய்த்து, தன் காதை மறைத்த முடியை ஒதுக்கிவிட்டார்.

வடிவு சுற்றுமுற்றும் பார்த்தாள். அடுப்பில் உலை கொதித்தது. மெல்லக் குனிந்தாள். பெயரைச் சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுகை ஓய்ந்து நிமிர்ந்து பார்த்தால், அம்மா சாய்த்த தலையை எடுக்கவே இல்லை.

"இன்னும் ரெண்டு தடவை இருக்குக்கா."