மூன்றாவது அளவு

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு நாற்பத்தேழு. அந்தக் கடலோர நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சீடர் குருவை 'மேடம்' என்பார், குரு சீடரை 'சார்' என்பார்.

சீடர் வைரக்கண்ணு, வேளாண்மைத் துறையில் அதிகாரி. உப்பு மண்ணில் நெல் எப்படிப் பிழைக்கிறது என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்க மூன்று வருடம் விடுப்பு எடுத்து வந்தவர். விடுப்பு அந்த மாதத்தோடு முடிகிறது. மிச்சம் இருந்தது வாய்மொழித் தேர்வு மட்டும்தான். அதற்குத்தான் அவர் பயந்தார்.

ஒத்திகை என்று பத்துப் பேர் முன்னால் நிறுத்தியபோது முதல் கேள்விக்கே தண்ணீர்ச் செம்பைத் தேடினார். இரண்டு செம்பு தண்ணீர் குடித்ததுதான் மிச்சம்.

"மேடம், வர்ற தேர்வாளர் பொல்லாதவராம். கொஞ்சம் லேசா கேக்கச் சொல்லுங்களேன்."

குரு தாமரைச்செல்வி நாற்றுத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தட்டு ஏன் சார் கருகிக் கிடக்கு?"

"அது முதல் தடவை செஞ்சது மேடம். உப்புத் தண்ணிய ஒரே நாள்ல முழுசா ஊத்திட்டேன்."

"பக்கத்துத் தட்டு?"

"அதே ரகம்தான். மூணு நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனேன். கடைசி அளவு ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

"பச்சையா இருக்கே. சரி, தேர்வுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. போயிட்டு வாங்க சார்."

மறுநாள் காலை வாட்ச்மேன் அடைக்கலம் கேட்டைப் பாதிதான் திறந்தார்.

"உங்க ஆராய்ச்சி நாத்துக்கு உப்பு வெளியில இருந்து வருது. விஷம் இலைக்குள்ள ஊறுதுங்கிறீங்களாம். அதை யாரு சார் உள்ள ஊத்துனது?"

"யாரும் ஊத்தலைய்யா. உப்பு ஏறுனா இலையோட வேலை கெட்டு, பெராக்சைடு தானா ஊறும். புண்ணுல ஊத்துனா நுரைக்குமே, அதுதான்."

"மருந்துங்கிறீங்க, விஷங்கிறீங்க. எது சார்?"

"அளவு மிஞ்சுனா மருந்தும் விஷம்தான்யா" என்று ஒருவழியாகச் சொல்லி வைரக்கண்ணு உள்ளே போனார். அந்த வாரம் முழுக்க, தினம் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால்தான் கேட் திறந்தது.

இரண்டாவது வாரம் டீக்கடை ரோஸ்லின் பிடித்துக்கொண்டார்.

"அந்த விஷத்த முறிக்கிற நொதி செடிகிட்டயே இருக்காமே சார்?"

"ஆமாம்மா, கேட்டலேஸ்னு பேரு. விஷத்தைத் தண்ணியாவும் ஆக்சிஜனாவும் பிரிச்சுடும்."

"சரக்கைக் கையில வச்சுக்கிட்டா முதல் தட்டு செத்துச்சு?"

டீ ஆறிப்போனது. வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டி, மறுநாள் வந்து பதில் சொன்னார்.

"இருக்கும்மா, ஆனா கொஞ்சமாத்தான் இருக்கும். உப்பு மெதுவா ஏறுனா செடி சுதாரிச்சு நொதியக் கூட்டிக்கும். ஒரேயடியா ஏறுனா அதுக்கு நேரம் கிடைக்காது."

சொன்ன பெருமையில் ஒரு வடை கூடுதலாகத் தின்றார்.

ஊரே தன்னைக் கிண்டல் செய்கிறது என்று குருவிடம் போய்ப் பொருமினார்.

"அப்படியா சார்? பதில் சொன்னீங்களா?"

"சொல்லாம விடுவேனா மேடம்?"

மூன்றாவது வாரம் வீட்டிலேயே ஆரம்பித்தது. மனைவி புஷ்பலதா சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏங்க, நொதி கூடுனதாலதான் நாத்து பொழைச்சுதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நொதியத் தடுக்கிற மருந்து போட்டு ஒரு தட்டு வச்சேன். மெதுவா உப்பு ஏத்தியும் அது கருகிடுச்சு."

"அந்த மருந்தே கொன்னிருந்தா?"

ரசம் வரும்வரை தட்டுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"உப்பே இல்லாத தட்டுக்கும் அதே மருந்தைப் போட்டேன். அது நல்லாத்தான் இருந்துச்சு!"

"புத்தகத்துல எத்தனாம் பக்கம்?"

அவர் எச்சில் கையோடு எழுந்துபோய் ஆய்வேட்டில் தேடினார். நூற்றுப் பன்னிரண்டு.

தேர்வு நாளும் வந்தது. பொல்லாதவர் ஒன்றரை மணி நேரம் துருவினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்த மருந்தே நாற்றைக் கொன்றிருக்கலாம் இல்லையா?" என்றார்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம் பாருங்க சார்" என்றார் வைரக்கண்ணு.

மேசையில் வைத்த தண்ணீரை அவர் தொடவே இல்லை. பட்டம் உறுதி என்று அறிவித்தார்கள். கண் கலங்க வெளியே வந்தார்.

"ரொம்ப நன்றி மேடம். சொல்லி வச்சு லேசா கேக்க வச்சுட்டீங்க."

"நான் அவர்கிட்ட எதுவும் சொல்லலையே சார்."

வைரக்கண்ணு கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ... அடைக்கலம்?"

"முதல் அளவு உப்பு."

"ரோஸ்லின்?"

"ரெண்டாவது அளவு."

"எங்க வீட்லயும் நீங்கதானா மேடம்?"

"அங்கயும் கொஞ்சம் ஊத்தட்டுமான்னு உங்க வீட்டம்மாகிட்ட போன்ல கேட்டேன். 'அளவு எனக்குத் தெரியும், நானே ஊத்திக்கிறேன்'னுட்டாங்க சார்."