எடை போடுதல்

“மேடம், ஒரு புரோகிராமரை எப்படித்தான் எடைபோடுறது?”

செண்பகவல்லியிடம் கேட்டான் பூபதி. கேட்காமல் இருப்பானா பின்னே? குழந்தைகள் வார்டில் எடைக்குத் தக்கபடி டிரிப் மெஷினுக்கு மருந்தளவு சொல்லும் புரோகிராம் அவன் டீமுடையது. போன மாசம் அவன் ஆசை ஆசையாகத் தேடிச் சேர்த்த கெட்டிக்காரப் பையன், தசமப்புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டான். நல்லவேளை, நர்ஸ் கண்ணில் பட்டது. ஒரு பச்சைக் குழந்தை பிழைத்தது. அன்றிலிருந்து பூபதிக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு ஆளைத் தப்பாக எடுத்துத் தொலைத்தால்?

செண்பகவல்லி அவனைவிட வயதில் சின்னவள். ஆனாலும் ஆள் எடுக்கிற விஷயத்தில் அந்த ஆபீசுக்கே அவள்தான் குரு.

“உங்களுக்கு எப்படிப்பட்ட ஆள் வேணும்?”

“பயமில்லாத ஆள். கேட்டதும் டக் டக்னு பதில் வரணும்.”

“வாங்க, பார்ப்போம்.”

கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். வார்டில் ஓடும் புரோகிராமையே கொடுத்து, அதில் புதிதாக ஒரு மருந்தைச் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள்.

முதலில் நவநீதன்.

“நீங்க எழுதினது இப்பவே வார்டுக்குப் போகுது. அனுப்பட்டுமா?” என்றாள் செண்பகவல்லி.

“தாராளமா அனுப்புங்க மேடம்!”

பூபதிக்கு மனசு குளிர்ந்துபோனது. ஆளுன்னா இவன் ஆளு!

அடுத்து ஜெசிந்தா. அதே கேள்விதான். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயையோ, கொஞ்சம் இருங்க மேடம்!”

திரையில் இருந்ததைப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். பூபதி வாட்சைப் பார்த்தான். இது தேறாத கேசு என்று முடிவே கட்டிவிட்டான்.

“மேடம், அனுப்பாதீங்க. நர்ஸ் அவசரத்துல எடையைப் போடாம விட்டா, இது முந்தி அதே பெட்ல இருந்த குழந்தையோட எடையை எடுத்துக்குது.”

“இப்படியாம்மா எழுதுவாங்க?” பூபதி சீறினான்.

“நான் எழுதலை சார். நீங்க கொடுத்ததுலயே அப்படித்தான் இருக்கு.”

பூபதி எட்டிப் பார்த்தான். அவனே எழுதிய வரி. வருஷக்கணக்கில் வார்டில் ஓடிக்கொண்டிருக்கிற வரி.

“மேடம்... இப்ப என்ன பண்றது?”

செண்பகவல்லி போனை அவன் பக்கம் தள்ளினாள்.

நம்பரைத் தப்புத் தப்பாகப் போட்டான். ஒருவழியாக வார்டு நர்ஸ் எடுத்தாள்.

“ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார். புதுசா ஒரு குழந்தை வந்திருக்கு. எடை மெஷின் வேற மக்கர் பண்ணுது. டிரிப்பைப் போட்டுட்டு வந்துடறேன்.”

“போடாதீங்க! உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், போடாதீங்க!” பூபதி அலறினான்.

“ஐயோ, என்ன சார் இப்படிப் பயந்து சாகறீங்க? சரி, போடலை.”