பிறரைப் பேசவிடுதல்: பத்து மதிப்பெண்

பேராசிரியை பிலோமினாவுக்கு ஒரு சீடர் இருந்தார். குருவைவிட எட்டு வயது மூத்த சீடர்.

பெயர் தெய்வநாயகம். தொண்டு நிறுவன வேலையில் ஊர் ஊராக அலைந்து, தலை நரைத்த பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர். வழிகாட்டியாக வாய்த்தவர் பிலோமினா. தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறையில் அவர் தலைவர்; தெய்வநாயகம் அதே துறையில் கௌரவ விரிவுரையாளர். ஒருவரையொருவர் மேடம் என்றும் சார் என்றும்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பார்ப்பவர்களுக்கு யார் யாருக்குக் குரு என்று குழப்பமாக இருக்கும். அவர்களுக்குள் குழப்பம் இருந்ததில்லை.

தெய்வநாயகத்திடம் ஒரு குணம். எதைக் கண்டாலும் இது நியாயமா என்று கேட்டுவிடுவார். கேட்டால் தேவலை, சரி செய்யவும் கிளம்பிவிடுவார். அங்கேதான் வம்பு.

முதுகலைச் சேர்க்கைக்கு அந்தத் துறையில் குழு நேர்காணல் உண்டு. ஏழு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து ஒரு தலைப்பைக் கொடுப்பார்கள். அவர்கள் தங்களுக்குள் பேச வேண்டும். ஆசிரியர்கள் மூன்று பேர் சுவரோரம் உட்கார்ந்து மார்க் போடுவார்கள். ஒரு குழுவுக்கு ஒரே ஓர் இடம். மற்ற ஆறு பேரும் வந்த வழியே போக வேண்டியதுதான்.

முன்பெல்லாம் முதலில் வாயைத் திறந்தவனுக்கு மார்க், சத்தமாகப் பேசியவனுக்கு மார்க், கடைசியில் தொகுத்துச் சொன்னவனுக்கு மார்க். இதைப் பார்த்துத் தெய்வநாயகத்துக்கு வயிறு எரிந்தது.

“மேடம், நாம ஆள் எடுக்கறது சமூகப்பணிக்கு. பட்டிமன்றத்துக்கு இல்ல. அடுத்தவனப் பேச விடறானான்னு பார்க்க வேண்டாமா?” என்று கேட்டார்.

பிலோமினா மதிப்பீட்டுத் தாளில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ‘பிறரைப் பேசவிடுதல்: பத்து மதிப்பெண்.’

முதல் வருடம் அந்தக் கட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. திக்கித் திக்கிப் பேசிய ஒரு பையனுக்காக ஒருத்தி தன் பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. அவளுக்கு இடம் கிடைத்தது. அன்றைக்குத் தெய்வநாயகம் வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனார்.

இது நடந்தது மூன்று வருடத்துக்கு முன்னால்.

இந்த ஜூன் மாதம் ஒரு காலை. குழு உள்ளே வருமுன் சான்றிதழ் சரிபார்க்கும் வேலை தெய்வநாயகத்திடம் இருந்தது. கடைசியாக வந்தவள் பாண்டீஸ்வரி என்ற பெண். முகத்தில் தூக்கம் இல்லை. விடியுமுன்னே பஸ் ஏறியிருக்கிறாள்.

“வேற எங்கம்மா அப்ளை பண்ணியிருக்க?”

“வேற எங்கயும் இல்ல சார். இங்கன்னாதான் வீட்ல இருந்து போயிட்டு வரலாம்.”

“கிடைக்கலன்னா?”

“மில்லுக்குப் போகச் சொல்லிட்டாங்க சார். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.”

அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னாள். தெய்வநாயகத்துக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஊரில் மாலை நேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாளாம். இந்தப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டுமே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். தேர்வாளர் அப்படி நினைக்கக் கூடாது. நினைத்தார்.

ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். சுவரோரம் நடுவில் பிலோமினா. ஒரு பக்கம் தெய்வநாயகம், மறுபக்கம் உமாபதி. உமாபதி அந்தத் துறையின் மூத்த ஆசிரியர்; எதிலும் பட்டுக்கொள்ளாதவர்.

தலைப்பு: ‘பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பதற்கு யார் பொறுப்பு?’

நிகில் என்ற பையன் தொடங்கினான். நல்ல உடுப்பு, நல்ல குரல். புள்ளிவிவரம் சொன்னான். சட்டம் சொன்னான். மூச்சு விட்டதும் மேசையைச் சுற்றிப் பார்த்தான். அவன் பார்வை பாண்டீஸ்வரியிடம் வந்து நின்றது. உள்ளங்கையை விரித்து அவள் பக்கம் நீட்டினான்.

“இவங்க இன்னும் பேசல. இவங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேட்க ஆசைப்படறேன்.”

தெய்வநாயகத்தின் மனம் குளிர்ந்தது. நிகில் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் மார்க் போட்டார்.

பாண்டீஸ்வரி நிமிர்ந்தாள். “எங்க ஊர்ல அஞ்சு பிள்ளைங்க நின்னுட்டாங்க. அவங்க நின்னதுக்குக் காரணம் என்னன்னா...”

“அருமையான பாயிண்ட்,” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “இவங்க சொல்ற மாதிரி, கிராமங்கள்ல விழிப்புணர்வு இல்ல.” அவள் பேசினாள், பேசினாள், பேசி முடித்தாள். பிறகு கையை விரித்தாள். “சகோதரி எதையோ சொல்ல வந்தாங்க. அவங்க தொடரட்டுமே.”

இன்னொரு மார்க்.

“அந்தப் பிள்ளைங்க...” என்றாள் பாண்டீஸ்வரி.

“ஒரு நிமிஷம், சாரி,” என்று நிகில் குறுக்கே வந்தான். “எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருந்தா இவங்களுக்குப் பேச வசதியா இருக்கும்.” எல்லாரும் அமைதியாகத்தான் இருந்தார்கள். அவன் சொன்ன பிறகுதான் சத்தம் கிளம்பியது. ஆமாம், இவர் பேசட்டும், இவருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும், இப்படிப்பட்டவர்களின் குரல்தான் ஒலிக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டார்கள். மணி அடித்தது.

பாண்டீஸ்வரி திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் தெய்வநாயகத்துக்கு மண்டையில் உறைத்தது. யாரோ இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் பயிற்சி மையம். குழுவில் பேசாமல் இருப்பவர் யார் என்று பார், அவரைப் பேசச் சொல், பத்து மார்க் உனக்கு. அவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கச் சொல்லித் தரவில்லை. அதற்குக் கட்டம் இல்லையே.

கூட்டிப் பார்த்தார்கள். முதல் இடம் நிகில். கடைசி இடம் பாண்டீஸ்வரி. ‘பிறரைப் பேசவிடுதல்’ கட்டத்தில் அவளுக்குப் பூஜ்யம். பாவம், அவள் எப்போது பேசினாள், பிறரைப் பேச விடுவதற்கு?

எழுவரும் வெளியே போனார்கள். பையன் ஒருவன் டீ கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனான்.

“மேடம், இது அநியாயம்,” என்றார் தெய்வநாயகம்.

“எது சார்?”

“அந்தப் பொண்ண வச்சு அத்தனை பேரும் மார்க் வாங்கிட்டாங்க. அவ வாயத் தொறக்க ஒருத்தரும் விடல.”

“கட்டம் உங்களோடதுதானே சார்?”

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. “தெரியுது மேடம். அத எடுத்துரலாம்.”

“எடுத்துரலாம். அதுக்குப் பதிலா?”

தெய்வநாயகம் யோசித்தார். “அமைதியா இருக்கறவங்களுக்கு மார்க் வைப்போம். பொறுமைக்கு.”

உமாபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வச்சுப் பாருங்க. அடுத்த வருஷம் ஏழு பேரும் சாமி கும்பிடற மாதிரி உட்கார்ந்திருப்பாங்க.”

“உண்மையா பேசறவங்களுக்கு?”

“உண்மையா பேசறது எப்படின்னு பயிற்சி மையத்துல ஒரு வாரம் கிளாஸ் எடுப்பாங்க சார்,” என்றார் பிலோமினா. அவர் சிரிக்கவில்லை.

தெய்வநாயகத்துக்கு அழுகை முட்டியது. இந்த வயதில், டீ தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கு எதிரே அழுவதா? அடக்கிக்கொண்டார். அவர் நல்லது நினைத்துத்தான் செய்தார். அவர் செய்த நல்லது அவர் கண்ணெதிரிலேயே ஒரு பெண்ணின் வாயைப் பொத்தியது.

“அன்னிக்கே நீங்க வேணாம்னு சொல்லியிருக்கலாமே மேடம்?”

“அன்னிக்கு எனக்கும் நல்லதாத்தான் பட்டுச்சு சார்.”

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. குருவுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புவதில் ஒரு சுகம் இருந்தது. அதுவும் போயிற்று.

“நீங்க இன்னும் கையெழுத்துப் போடல,” என்றார் மெதுவாக. “இடத்த அந்தப் பொண்ணுக்கே கொடுத்துருவோம் மேடம். இல்லன்னா திங்கக்கிழமை மில்லுக்குப் போயிருவா.”

“மத்த ஆறு பேரும் எங்க போவாங்கன்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. கடைசியாக வந்தவளிடம் மட்டும்தான் பேச நேரம் இருந்தது.

“சரி, கொடுக்கறோம்னே வச்சுக்குவோம்,” என்றார் பிலோமினா. “எதுக்குக் கொடுத்தோம்னு எழுதறது? பாவம்னு எழுதலாமா?”

“அவளுக்கு விஷயம் தெரியும் மேடம். பார்த்தாலே தெரியுது.”

“அவ என்ன சொன்னா சார்?”

“ஊர்ல அஞ்சு பிள்ளைங்க நின்னுட்டாங்கன்னு சொன்னா.”

“காரணம்?”

தெய்வநாயகம் உமாபதியைப் பார்த்தார். உமாபதி தம்ளரைப் பார்த்தார். காரணம் என்னன்னா என்று அவள் இழுத்தது நினைவிருக்கிறது. அதன் பிறகு அரைச் சொல்லோ ஒரு சொல்லோ அவள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் குனிந்து நிகிலுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

“தெரியல மேடம்.”

“எனக்கும் தெரியல. நானும் எழுதிட்டுதான் இருந்தேன்.” பிலோமினா பேனாவை மூடி வைத்தார். “போய்க் கேட்டுட்டு வாங்க. அவ சொல்றத அப்படியே வந்து சொல்லுங்க. அத வச்சு முடிவு பண்ணலாம்.”

தெய்வநாயகம் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அதை நிமிர்த்தக்கூட அவர் நிற்கவில்லை. மூன்று வருடத்தில் முதல் முறையாக, மார்க் போடும் தாள் இல்லாமல் ஒருவர் பேசுவதைக் கேட்கப் போகிறார். அவள் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் போதும்.

வராந்தாவில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். சற்றுத் தள்ளி மற்ற ஐந்து பேரும் நிகிலைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

“உட்காரும்மா, உட்காரு. ஒண்ணும் இல்ல. உங்க ஊர்ல அந்த அஞ்சு பிள்ளைங்க நின்னாங்கன்னு சொன்னியே, ஏன்னு சொல்ல வந்த. யாரும் விடல. இப்பச் சொல்லும்மா. நான் கேட்கறேன்.”

அவள் கண் அவர் கையைத் தேடியது. கையில் தாள் இல்லை. பேனா சட்டைப் பையில் இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு அவர் வந்த கதவைப் பார்த்தாள். இன்னொரு சுற்று இருக்கிறது போலிருக்கிறது என்று அவள் முடிவு செய்ததை அவர் கண்ணால் கண்டார். வேண்டாம், வேண்டாம் என்று அவருக்குள் ஏதோ கெஞ்சியது. வாயில் வரவில்லை.

பாண்டீஸ்வரி மக்கு இல்லை. ஒரு தடவை பார்த்தாலே பிடித்துக்கொள்கிற பெண். துப்பட்டாவைச் சரி செய்தாள். தோளை நிமிர்த்தினாள். உள்ளங்கையை விரித்து அவர் பக்கம் நீட்டினாள்.

“நீங்க இன்னும் பேசல சார்,” என்றாள். “நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேட்க ஆசைப்படறேன்.”

சொல் ஒன்றுகூடப் பிசகவில்லை. சொல்லி முடித்துவிட்டு, சரியாகச் செய்தேனா என்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

தெய்வநாயகம் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது. அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“என்ன சொன்னா சார்?” என்று கேட்டார் பிலோமினா.

அவள் சொன்னதை அப்படியே சொன்னார். கையை எப்படி நீட்டினாள் என்பதையும் நீட்டிக் காட்டினார். நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் மேசைமேல் வைத்தார்.

பிலோமினா மதிப்பீட்டுத் தாளைத் தெய்வநாயகத்தின் பக்கம் நகர்த்தினார். பாண்டீஸ்வரி பெயருக்கு நேரே பூஜ்யம் இருந்த கட்டத்தில் விரலை வைத்தார்.

“பத்துக்குப் பத்துப் போடுங்க சார். இடம் அவளுக்குத்தான்.”

“மேடம்...”

“நியாயமா கொடுக்கணும்னுதானே கேட்டீங்க? போடுங்க. இப்ப அவளுக்கும் நம்மகிட்ட படிக்கற தகுதி வந்துருச்சு.”