மூவர் கேட்ட பழி

ஒரு பரிசுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்ட கதைகள் எத்தனையோ கேட்டிருப்பீர்கள். இது ஒரு சாவுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடிய கதை. சிரிக்க இதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் காது கொடுத்துக் கேளுங்கள், முடிவில் உங்களிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்.

பாம்பனுக்குத் தெற்கே ஒரு கடற்கரை. ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் பட்டம் இழுக்க அலைமேல் சறுக்கிப் பறக்கும் கைட் சர்ஃபிங் வீரர்கள் அங்கே கூடிவிடுவார்கள். பட்டம் என்றதும் சிறுபிள்ளைகள் விடும் காகிதப் பட்டத்தை நினைத்துவிடாதீர்கள். இது ஒரு அறையையே மூடும் அளவு பெரியது. அதன் கயிறுகள் ஒரு கைப்பிடியில் வந்து சேரும். கைப்பிடி இடுப்புப் பட்டையில் கொக்கியால் மாட்டியிருக்கும். காலடியில் ஒரு பலகை. மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

அங்கே நான்கு பேருக்கு இதுதான் தொழில். நால்வரும் நாலு விதம். நம்புராஜன் வேகக்காரன்; கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும் பந்தயம் போச்சு என்பவன். சுபைர் அலைக்காரர், எந்த அலை எங்கே உடையும் என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். ரெக்ஸலின் வித்தைக்காரி, அந்தரத்தில் கொக்கியைக் கழற்றிவிட்டு, கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் கைமாற்றிப் பிடிப்பாள். நாலாவது ஆள் கிளாட்வின். அவனுக்கு உயரம்தான் எல்லாம். பேய்க்காற்று அடித்தால்தான் அவன் முகத்தில் சிரிப்பே வரும்.

கிளாட்வினின் மனைவி பிரின்சிக்குக் கடலில் வேலை இல்லை. கரையில் நின்று கணவனுக்கும் ரெக்ஸலினுக்கும் காப்புக் கயிறு மாட்டிவிடுவாள். அந்தக் கயிறு ஆளையும் கைப்பிடியையும் இணைப்பது. ஆபத்து வந்தால் கொக்கிக்கு மேலே இருக்கும் சிவப்புப் பிடியை இழுக்க வேண்டும்; கொக்கி விட்டுப்போகும், பட்டம் காற்றிழந்து தண்ணீரில் விழும், காப்புக் கயிறு அதை ஓடவிடாமல் பிடித்திருக்கும். ஆனால் கைப்பிடியில் இரண்டு வளையங்கள் உண்டு. எல்லாரும் கயிற்றை மாட்டுவது மேல் வளையத்தில். ரெக்ஸலினுக்கு மட்டும் கீழ் வளையம். வித்தைக்கு நடுவே கை தவறினாலும் பட்டம் விழாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டுமே, அதற்காக. கீழே மாட்டினால் சிவப்புப் பிடி மட்டும் போதாது; தப்பிக்க வேண்டுமானால் கயிற்றிலேயே இருக்கும் இன்னொரு பிடியையும் இழுக்க வேண்டும். அவளுக்கு அது பழக்கம்; மற்றவர்களுக்கு இல்லை.

அன்று காலை கிளாட்வினின் கைப்பிடிக் கயிறு நைந்துபோயிருந்தது. ரெக்ஸலின் தன் கைப்பிடியையே கழற்றிக் கொடுத்தாள்.

"அண்ணே, பாத்து மாட்டுங்க. எனக்கு மாட்டுற வளையம் வேற."

கிளாட்வின் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரின்சிதான் பதில் சொன்னாள்: "சரிடி, நீ போய் டீயக் குடி."

பட்டத்தைத் தூக்கிப் பிடித்தவன் நம்புராஜன். பறப்பவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிய பிறகே கையை விட வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். அவனுக்கு எதிலும் அவசரம். விரல் உயரும் முன்னே விட்டுவிட்டான். பட்டம் ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்தது. கிளாட்வின் வெளியே போய் இரண்டு தடவை பனை உயரத்துக்கு எழும்பி, அலுங்காமல் இறங்கினான்.

அப்போது தெற்கே தண்ணீர் கறுத்தது. சூறைக்காற்று வருகிறது என்று சுபைருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் இப்படிக் கரைக்குத் திரும்பச் சொல்லிக் கூப்பிட்டதற்கு அவரைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி பண்ணியிருந்தார்கள். கிளாட்வினும் அந்தக் கறுப்பைப் பார்த்தான். "வருது, வருது!" என்று கத்திக்கொண்டே பட்டத்தை அதை நோக்கித் திருப்பினான்.

காற்று அவனைத் தூக்கிக் கொண்டுவந்து அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவின் கற்களில் அறைந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது சிவப்புப் பிடி இழுபட்டிருந்தது, கொக்கியும் விட்டிருந்தது. பட்டம் மட்டும் விழவில்லை. உயிர்போன உடம்பைக் கல்லுக்குக் கல் இழுத்துக்கொண்டிருந்தது. முதலில் போய்ச் சேர்ந்த பிரின்சிதான் காப்புக் கயிற்றைக் கழற்றினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் அழவில்லை. மாதா படத்தின் முன்னால் நின்று, ஊரே கேட்கச் சொன்னாள்: "என் புருசனக் கொன்ன கை அவரு பெட்டியில படக்கூடாது. மாதா மேல ஆணை."

மறுநாள் அடக்கத்துக்கு முன்னால் மூவரும் வந்து நின்றார்கள்.

"வெரலக் காட்டுறதுக்குள்ள விட்டுட்டேன்க்கா. நாந்தான் கொன்னேன்" என்றான் நம்புராஜன்.

"அவன் கெடக்கான். பாத்தும் வாயத் தொறக்காதவன் நான். பழி என்னுது, தங்கச்சி" என்றார் சுபைர்.

"அது என் கைப்பிடிதான்க்கா... குடுத்தது நான்தானே" என்றாள் ரெக்ஸலின்.

பிரின்சி அந்த மூன்று பேரின் கைகளையும் பார்த்தாள். வெறுக்க ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும், இந்தத் துக்கத்தைத் தாங்கிவிடலாம் என்று அவள் மனம் தவித்தது. கோயிலில் மணி அடிக்கத் தொடங்கியது. "சீக்கிரம் சொல்லும்மா, பெட்டிய மூடணும்" என்றார் கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார்.

நீங்கள் சொல்லுங்கள்: பெட்டியில் படக்கூடாத கை எது?

நம்புராஜனின் கை அல்ல. அவன் விட்ட பிறகு கிளாட்வின் இரண்டு தடவை நன்றாகப் பறந்து இறங்கினான். சுபைரும் அல்ல, காற்று வருவதை அறிந்துதான் கிளாட்வின் அதைத் தேடிப் போனான். ரெக்ஸலின் எச்சரித்துத்தான் கொடுத்தாள். கயிறு மாட்டியிருந்தது கீழ் வளையத்தில்; அதனால்தான் சிவப்புப் பிடியை இழுத்தும் பட்டம் விழவில்லை. மாட்டியவள் பிரின்சி, அந்தக் கைப்பிடியைக் கண்டதும் அவள் கை தினமும் போகிற வளையத்துக்கே போய்விட்டது. கற்களுக்கு நடுவே அதைக் கழற்றியபோதே அவளுக்குத் தெரியும். "மூணு பேரும் பெட்டியத் தூக்குங்க" என்றாள். பெட்டியை மூடும் முன் கடைசி முத்தத்துக்கு அவளை அழைத்தார்கள். அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு சுவரோரமாகவே நின்றாள். என்ன கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது.